அச்சகத்து சர்வர் ஏன் திணறியது?

2025 பொங்கல் மலர், பொங்கல் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது என்று நம் அன்பர்கள் பலர் குறைப்பட்டுக் கொண்டார்கள். சிலர் ஆசிரியர் குழுவைக் கடிந்து கொள்ளவும் செய்தார்கள். ஆசிரியர் குழு பாவம், அவர்கள் மேல் தவறில்லை. மலர் அச்சாக வேண்டிய அச்சகத்தில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதைச் சரிசெய்யப் போனவன் என்ற முறையில், நடந்ததை விளக்கி எழுதும்படி செயலாளர் கேட்டுக் கொண்டார். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாத தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் புரிய வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டார். எல்லோரும் ஏன் இதைப் படிக்க வேண்டும் என்பது கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

தொலைபேசியில் வந்த செய்தி

டில்லியில் மூடுபனி இறங்கியிருந்த டிசம்பர் மாதக் காலை. அச்சக உரிமையாளர் அண்ணாச்சி தொலைபேசியில் அழைத்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, நாராயணா தொழிற்பேட்டையில் முப்பது வருஷமாக அச்சகம் நடத்துகிறவர்.

"தம்பி, சர்வர் மூச்சு வாங்குது. மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு. பத்து நிமிஷம் ஓடுது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிங்கிற கதைதான். புது சர்வர் வாங்குங்க, ரெண்டு லட்சம் ஆகும்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போயிருக்கார். நீங்க ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

"அண்ணாச்சி, நான் வர்ற வரைக்கும் மறுபடி ஆஃப் பண்ணாதீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால், அந்த நேரத்தில் உள்ளே என்ன ஓடிக் கொண்டிருந்தது, யார் யாருடன் பேசிக் கொண்டிருந்தது என்ற தடயமெல்லாம் நினைவகத்திலிருந்து போய்விடும். திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருமுன் பெருக்கி மெழுகிவிடுவது போலத்தான் அது.

அந்த சர்வர் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. பதிப்பகங்களும், பள்ளிக்கூடங்களும், நம் சங்கம் போன்ற அமைப்புகளும் அச்சிட வேண்டிய பக்கங்களை இன்டர்நெட் வழியாக அனுப்பி வைக்கும். அவற்றை வாங்கி வைத்துக் கொள்ளும் கிடங்கு அது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு, ஓர் அறை. இந்தப் போக்குவரத்துக்குப் பயன்பட்ட முறைக்கு எஃப்.டி.பி. என்று பெயர்.

எஃப்.டி.பி. பிறந்த கதை

இதை வகுத்தவர் ஓர் இந்தியர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் 1965-இல் பட்டம் பெற்று, அமெரிக்காவில் எம்.ஐ.டி.க்குச் சென்ற அபய் பூஷண்தான் அவர். 1971 ஏப்ரலில் அவர் எழுதிய குறிப்பில்தான், வெவ்வேறு வகைக் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பரிமாறிக் கொள்வதற்கான விதிகள் முதன்முதலில் வகுக்கப்பட்டன. பலமுறை திருத்தப்பட்டு, 1985 அக்டோபரில் அது இன்றைய வடிவத்தை அடைந்தது.

இதில் இரண்டு இணைப்புகள் உண்டு. ஒன்று பேசுவதற்கு, மற்றொன்று சரக்கு அனுப்புவதற்கு. மொத்த வியாபாரிக்கு முதலில் போன் செய்து, "நான் இன்னார், இந்தச் சரக்கு அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு, பின்னர் லாரியில் மூட்டையை ஏற்றி விடுகிறோமே, அதைப் போல. பேசும் இணைப்பு சர்வரின் 21-ஆம் எண் வாசலில் நடக்கும்.

1971-இல் அந்த வலையில் இருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களுமே. ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஆகவே பாஸ்வேர்டை மறைத்து அனுப்ப வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. எஃப்.டி.பி.யில் பாஸ்வேர்டு தபால் கார்டில் எழுதிய செய்தியைப் போலப் போகும். வழியில் நிற்பவர் யாரும் படித்துவிடலாம்.

கேபிளைப் பிடுங்கிப் பார்த்தோம்

நான் போய்ச் சேர்ந்தபோது சர்வரில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தோன்ற அரை நிமிடம் ஆயிற்று. இத்தகைய லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் 'லோட் ஆவரேஜ்' என்று ஒரு கணக்கு உண்டு. கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடத்தில் சராசரியாக எத்தனை வேலைகள் நடந்து கொண்டும் காத்துக் கொண்டும் இருந்தன என்பதை அது காட்டும். ரேஷன் கடையில் 4 கவுன்டர் இருந்து, 4 பேர் வந்தால் தடையில்லாமல் நடக்கும். அந்த சர்வருக்கு இருந்தவை 4 கவுன்டர்கள். வரிசையில் நின்றவர்கள் 63 பேர்!

கோளாறு உள்ளே இருக்கிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. பின்னால் செருகியிருந்த நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டு, "டீ சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். டீ வந்து குடித்து முடிப்பதற்குள் 63 என்ற எண் 1-க்கும் கீழே இறங்கிவிட்டது. கேபிளைத் திரும்பச் செருகினோம். கால் மணி நேரத்தில் மறுபடி 40-ஐத் தாண்டியது.

ஆக, இயந்திரத்தில் கோளாறு இல்லை. கூட்டம் வாசல் வழியாக வருகிறது. இரண்டு லட்சம் கொடுத்துப் பெரிய சர்வர் வாங்கியிருந்தால், இன்னும் கொஞ்சம் பெரிய கூட்டத்துக்கு இடம் கொடுத்திருப்போம், அவ்வளவுதான்.

கூட்டம் எங்கிருந்து வந்தது?

அந்த எஃப்.டி.பி. மென்பொருளின் பெயர் புரோ-எஃப்.டி.பி.டி. வாசலுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அது ஓர் ஊழியரை நியமிக்கும். கல்யாண மண்டபத்தில் வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் எழுந்து வந்து, "வாங்க, யார் வீட்டுக்காரர் நீங்க?" என்று கேட்பது போல. வந்தவர் எந்த முகவரியிலிருந்து வருகிறார் என்று அந்த ஊழியர் தேடிப் பார்ப்பார். பெயர் கேட்பார், பாஸ்வேர்டு கேட்பார், அதைச் சரிபார்ப்பார். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் கணக்கு வேண்டுமென்றே கடினமாக வைக்கப்பட்டது. லினக்ஸில் பரவலாக உள்ள முறையில் ஒரு தடவை சரிபார்க்க 5,000 சுற்றுக் கணக்கு போட வேண்டும். பாஸ்வேர்டு தவறானால் உடனே திருப்பி அனுப்பாமல் சில விநாடிகள் நிறுத்தி வைப்பதும் உண்டு. வாடிக்கையாளர் நாலு பேர் வந்தால் இது ஒரு சுமையே இல்லை. அழையா விருந்தாளிகள் நூற்றுக்கணக்கில் வந்தால்?

ஒரே நேரத்தில் எத்தனை ஊழியர்கள் இருக்கலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு வைக்கலாம். அமைப்புக் கோப்பில் பார்த்தேன். முதலில் 30 என்று இருந்ததை யாரோ 500 ஆக்கியிருந்தார்கள். "இணைப்பு கிடைக்கவில்லை" என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டபோது, வருகிறவர்கள் யார் என்று பார்க்காமல் நாற்காலியை மட்டும் கூட்டிப் போட்டிருக்கிறார்கள்.

"நம்ம பிரஸ் மேல யாருக்கு தம்பி இவ்வளவு விரோதம்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

யாருக்கும் இல்லை. இன்டர்நெட்டில் பழைய முறைப்படி உள்ள முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. 2013-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஒரு மென்பொருள் செய்து காட்டினார்கள். ஒரே கம்ப்யூட்டரிலிருந்து அத்தனை முகவரிகளிலும் ஒரு குறிப்பிட்ட வாசலை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம். இரவு பகலாக இப்படித் தட்டிக் கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் இன்று ஏராளம். எந்தக் கதவு திறக்கிறது, உள்ளே இருக்கும் மென்பொருளின் பெயரும் வயதும் என்ன என்பதே அவற்றுக்குத் தேவை. அச்சகமா, ஆஸ்பத்திரியா என்பது அவற்றுக்குத் தெரியவும் தெரியாது. நம் சர்வரோ வாசலிலேயே, "வணக்கம், என் பெயர் புரோ-எஃப்.டி.பி.டி., 1.3.5-ஆம் பதிப்பு" என்று உரக்கச் சொல்லிக் கொண்டிருந்தது. அந்தப் பதிப்பு 2014-இல் வெளிவந்தது.

530-உம் 230-உம்

அடுத்து, பதிவேட்டைப் படித்தோம். எஃப்.டி.பி. சர்வர் சொல்லும் ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று இலக்க எண் உண்டு. 220 என்றால் 'வருக'. 331 என்றால் 'பாஸ்வேர்டு சொல்'. 530 என்றால் 'தவறு, உள்ளே விட முடியாது'. 230 என்றால் 'உள்ளே வா'.

பதிவேட்டில் 530 லட்சக்கணக்கில் இருந்தது. 'அட்மின்', 'டெஸ்ட்', 'ஆஃபீஸ்' என்று பெயர் மாற்றி மாற்றி முயன்றிருக்கிறார்கள். அச்சகத்தின் பெயரையே பயனர் பெயராகப் போட்டும் முயன்றிருக்கிறார்கள். பதிவேடு வீங்கி வீங்கி டிஸ்க்கையும் அடைத்துவிட்டது. புதிய கோப்பு எதையும் வாங்க முடியாமல் போனதற்கு அது இரண்டாவது காரணம்.

கம்ப்யூட்டர் துறையில் புதிதாக வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். 530 எத்தனை லட்சம் இருந்தாலும் அது பூட்டு தாங்கியதற்கான அடையாளம். தேட வேண்டியது 230-ஐ. கூட்டத்தின் சத்தத்தில் ஓசைப்படாமல் உள்ளே போனவர் யார்?

தேடினோம். பெரும்பாலும் தெரிந்த வாடிக்கையாளர்கள், அலுவலக நேரம். ஆனால் ஒரு கணக்கு மட்டும் பல நாள் விடியற்காலை மூன்று மணிக்கு உள்ளே வந்திருந்தது. அது, 2018-இல் வேலையை விட்டுப் போன ஒரு வடிவமைப்பாளருக்குக் கொடுத்திருந்த கணக்கு. பெயரும் பாஸ்வேர்டும் ஒரே சொல். அந்தப் பையன் இப்போது புனேயில் இருக்கிறான், அவனுக்கு இதில் சம்பந்தமில்லை. யாரோ ஊகித்து நுழைந்திருக்கிறார்கள்.

நுழைந்தவர் எல்லா அறைகளிலும் ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போயிருந்தார். பெயர் 'போட்டோ', பின்னொட்டு எஸ்.சி.ஆர். படம் போலத் தோன்றினாலும் அது இயங்கக்கூடிய ஒரு நிரல். எனக்கு உடனே பொறி தட்டியது. 2016-இல் சோஃபோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் விவரித்த நச்சு நிரல் இதே பெயரில்தான் எஃப்.டி.பி. சர்வர்கள் வழியாகப் பரவியது. தெரியாமல் திறந்தவரின் கம்ப்யூட்டரை, மொனேரோ என்ற மின்நாணயத்தை உருவாக்கும் கணக்குகளைப் போட வைக்கும். உழைப்பும் மின்சாரமும் நம்முடையவை, காசு அவர்களுக்கு.

அச்சகத்தின் வடிவமைப்பு அறையில் ஒரு கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் மெதுவாக ஓடிக் கொண்டிருந்தது. "பழசாயிடுச்சு" என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதில் யாரோ அந்தப் 'போட்டோ'வைத் திறந்திருந்தார்கள். மலர் தாமதமானதற்குப் பெரிய காரணம் இதுதான். அந்தக் கம்ப்யூட்டரை முழுவதும் அழித்துப் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. மலரின் பக்கங்களை ஆசிரியர் குழுவினர் மயூர் விஹாரிலிருந்து பென் டிரைவில் மெட்ரோவில் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

மூல காரணம்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பதிவேட்டில் இன்னொரு வகைத் தட்டலும் இருந்தது. அது பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. 'இந்தக் கோப்பை அந்த இடத்துக்கு நகல் எடு' என்று நேராகக் கட்டளை இட்டது.

புரோ-எஃப்.டி.பி.டி. 1.3.5-இல் நகல் எடுக்கும் பகுதியில் ஓர் ஓட்டை இருந்தது. பெயர், பாஸ்வேர்டு எதுவும் சொல்லாமலேயே வெளியாள் ஒருவர் சர்வருக்குள் கோப்புகளை இடம் மாற்றி நகல் எடுக்கலாம். இணைய தளமும் அதே கம்ப்யூட்டரில் ஓடினால், தன் நிரலை அங்கே வைத்து முழு சர்வரையும் ஆட்டி வைக்கவும் வழியுண்டு. இது 2015 ஏப்ரலில் வெளிப்பட்டது. திருத்திய பதிப்பும் அந்த ஆண்டே வெளிவந்தது. அதே பகுதியில் 2019-இல் இன்னொரு குறை கண்டுபிடிக்கப்பட்டு, அதற்கும் திருத்தம் வந்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. அச்சகத்து சர்வர் இரண்டையும் வாங்கிக் கொள்ளவில்லை.

ஏன்? சர்வரின் அடிப்படை மென்பொருளான உபுண்டு 14.04, திருத்தங்களை வாங்கிக் கொள்ள வசதி உள்ளதுதான். ஆனால் முதலில் அமைத்துக் கொடுத்த டெக்னீஷியன், எஃப்.டி.பி. மென்பொருளை மட்டும் மூல நிரலிலிருந்து தானே தனியாகக் கட்டி நிறுவியிருந்தார். அப்படி நிறுவியதை உபுண்டுவின் புதுப்பித்தல் தொடாது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காத குழந்தைக்கு அரிசி வராததைப் போல. போதாக்குறைக்கு, உபுண்டு 14.04-க்கே வழக்கமான ஆதரவு 2019 ஏப்ரலில் முடிந்துவிட்டது. பத்து வருஷமாக ஒரு நாளும் மக்கர் செய்யாமல் ஓடியதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நல்லபடியாக ஓடுகிறது என்பதையே நல்ல நிலைக்குச் சான்றாக எடுத்துக் கொண்டோம்.

இது அண்ணாச்சியின் அச்சகத்துக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை. 2001 ஜனவரியில் 'ராமென்' என்ற புழு நிரல் ரெட் ஹாட் லினக்ஸ் 6.2, 7.0 ஓடிய சர்வர்களில் பரவியது. அது பயன்படுத்திய வழிகளில் ஒன்று, டபிள்யூ.யூ.-எஃப்.டி.பி.டி. என்ற எஃப்.டி.பி. மென்பொருளின் ஓட்டை. திருத்தம் 2000-ஆம் ஆண்டே வந்திருந்தது. பிடித்த ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் அடுத்த கம்ப்யூட்டரைத் தேடித் தட்டியதால் வலைப் போக்குவரத்தும் திணறியது.

2010 நவம்பர் இறுதியில் புரோ-எஃப்.டி.பி.டி.யின் சொந்த சர்வருக்குள்ளேயே புகுந்து, மக்கள் இறக்கிக் கொள்ளும் மூலத்தில் கள்ளக் கதவு ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். பெரும்பாலும் தங்கள் எஃப்.டி.பி. சேவையில் திருத்தப்படாமல் இருந்த குறை வழியாகவே வந்திருப்பார்கள் என்று அந்தக் குழுவினரே அறிவித்தார்கள். வைத்தியர் வீட்டுக்கே காய்ச்சல்! 2020 டிசம்பரில் நியூசிலாந்து ரிசர்வ் வங்கி கோப்புகளைப் பறிகொடுத்தது. அதற்கு வழிவிட்டது சுமார் 20 ஆண்டுப் பழமையான, ஓய்வு பெறும் நிலையில் இருந்த ஒரு கோப்புப் பரிமாற்ற மென்பொருள்.

செய்த வைத்தியம்

முதலில் முதலுதவி. உச்சவரம்பை மறுபடி 30 ஆக்கினோம். ஒரு முகவரியிலிருந்து இரண்டு இணைப்புக்கு மேல் கூடாது என்று வைத்தோம். விலகிப் போனவர்களின் கணக்குகளை நீக்கினோம். சுமை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

'ஃபெயில்-டு-பேன்' என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. ஒரே முகவரியிலிருந்து தொடர்ந்து தவறான பாஸ்வேர்டு வந்தால் அந்த முகவரியைச் சற்று நேரம் தடுத்து வைக்கும். அதையும் போட்டுப் பார்த்தோம். ஓரளவுதான் உதவியது. வந்தவர்கள் நூற்றுக்கணக்கான முகவரிகளிலிருந்து, ஆளுக்கு இரண்டு மூன்று தரம் தட்டிவிட்டு விலகிக் கொண்டார்கள். தெரிந்த வாடிக்கையாளர் முகவரிகளை மட்டும் அனுமதித்த பிறகே சுமை எண் 1-க்குக் கீழே வந்து நின்றது. ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இன்டர்நெட் முகவரி அடிக்கடி மாறும். ஆகவே இதுவும் நிரந்தரத் தீர்வு ஆகாது.

நிரந்தர வைத்தியமாக, ஒருமுறை அன்னியர் நுழைந்த அந்த சர்வரை நம்புவதில்லை என்று முடிவு செய்தோம். அறைகளைத் துடைத்துவிட்டு அதிலேயே தொடர்வது, பாம்பு புகுந்த வீட்டில் ஒரு பாம்பை அடித்துவிட்டு நிம்மதியாகப் படுப்பது போல. டிஸ்க்கைத் தடயமாகக் கழற்றி எடுத்து வைத்தோம். அதே பெட்டியில் புது டிஸ்க் போட்டு, 2024-இல் வெளிவந்த உபுண்டு 24.04-ஐ அமைத்தோம். இதற்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. திருத்தங்கள் தாமாகவே இறங்கும்.

எஃப்.டி.பி.யை அடியோடு நிறுத்திவிட்டு எஸ்.எஃப்.டி.பி. என்ற முறைக்கு மாறினோம். பெயர் ஒத்திருந்தாலும் இது வேறு முறை. பெயர், பாஸ்வேர்டு, கோப்பு எல்லாம் மறைகுறியாக்கப்பட்டுப் போகும். பாஸ்வேர்டுக்குப் பதில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு மின் சாவிக் கோப்பு. பாஸ்வேர்டு நுழைவையே மூடிவிட்டதால், ஊகித்துப் பார்க்க எதுவும் இல்லை. தட்டுகிறவர்கள் இன்றும் தட்டுகிறார்கள், ஆனால் வாசலோடு போய்விடுகிறார்கள். மாற்றத்துக்கு வாடிக்கையாளர்கள் முனகினார்கள். அவர்கள் பயன்படுத்தும் ஃபைல்-ஜில்லா நிரலிலேயே எஸ்.எஃப்.டி.பி. இருக்கிறது என்று காட்டியதும் சமாதானம் ஆனார்கள்.

மொத்தச் செலவு ஒரு டிஸ்க்கின் விலை. இரண்டு லட்சம் மிச்சம் என்று அண்ணாச்சிக்கு மகிழ்ச்சி. ஆனால் அன்று மாலை நான் கேட்ட ஒரு கேள்விக்கு அவர் முகம் மாறிவிட்டது.

நம் உறுப்பினர் கையேடு

"அண்ணாச்சி, நம்ம சங்கத்து உறுப்பினர் கையேட்டையும் நீங்கதானே அச்சடிச்சீங்க? அந்த ஃபைல் எங்கே இருக்கு?"

2022-இல் அச்சான அந்தக் கையேடு நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. குடும்பத் தலைவர் பெயர், வீட்டு விலாசம், தொலைபேசி எண், ரத்த வகை, பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி. அவசரத்துக்கு ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்று நல்ல எண்ணத்தோடு தொகுத்தது. அச்சு வேலை முடிந்து இரண்டு வருஷம் ஆகியும், அதன் கோப்பு அந்த சர்வரில், நம் சங்கத்தின் அறையில் அப்படியே இருந்தது. அந்த அறையிலும் 'போட்டோ' வைக்கப்பட்டிருந்தது.

வந்தவர் கையேட்டை எடுத்துப் போனாரா? கோப்புகள் வந்து போவதற்குத் தனிப் பதிவேடு உண்டு. உள்ளே வந்ததற்கு 'ஐ' என்றும், வெளியே போனதற்கு 'ஓ' என்றும் குறி இருக்கும். வரிவரியாகப் பார்த்தோம். கையேட்டுக்கு நேரே 'ஓ' இல்லை. ஆனால் அந்தப் பதிவேடு அக்டோபரிலிருந்துதான் இருந்தது. அக்டோபரில் ஒருமுறை டிஸ்க் நிரம்பியபோது, இடம் செய்வதற்காக யாரோ பழைய பதிவேட்டையே அழித்துவிட்டார்கள். அதற்கு முன் யார் வந்தார்கள், எதை எடுத்தார்கள் என்று சொல்ல யாராலும் முடியாது.

இத்தகைய ஊடுருவல் தெரிய வந்தால் நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' என்ற மத்திய அரசு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவு வெளியானது. அண்ணாச்சி இதைக் கேள்விப்பட்டதே இல்லை. நம்மில் சிறு தொழில் நடத்தும் எத்தனையோ பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அன்றே எழுதி அனுப்பினோம்.

சங்கத்தின் செயற்குழுவில் இது பற்றி நீண்ட விவாதம் நடந்தது. "எடுத்துப் போனதற்கு ஆதாரம் இல்லையே, எதற்கு வீணாகப் பயமுறுத்த வேண்டும்?" என்றார் ஒருவர். "எடுக்கவில்லை என்பதற்கும்தான் ஆதாரம் இல்லை. என் பேத்தியின் பெயரும் பிறந்த தேதியும் அதில் இருக்கிறது, எனக்குச் சொல்லாமல் இருப்பீர்களா?" என்று கேட்டார் ஒரு மாமி. விவாதம் அத்தோடு முடிந்தது. சென்ற பிப்ரவரியில் உங்களுக்கு வந்த சுற்றறிக்கை அதன் விளைவே.

எனக்கும் இதில் பங்கு உண்டு. 2022-இல் கையேட்டை அனுப்பி வைத்தவன் நானே. வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழிக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

அறிமுகம் இல்லாதவர் ஒருவர் தொலைபேசியில் உங்கள் குழந்தையின் பெயர், ரத்த வகை, விலாசம் எல்லாம் சரியாகச் சொன்னாலும், அதை வைத்து அவரை நம்பிவிடாதீர்கள். "போலீஸ் பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று மிரட்டினால் போனை வைத்துவிடுங்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைது இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வீட்டிலும் கடையிலும் உள்ள பழைய மென்பொருளைக் கணக்கெடுங்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இன்டர்நெட் ரவுட்டர், கேமரா ரெக்கார்டர், குடும்பப் படங்களைச் சேர்த்து வைக்கும் பெட்டி எல்லாமே மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டர்கள்தான். அவற்றோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். எஃப்.டி.பி. என்று ஒரு வசதி தென்பட்டு, அது தேவையில்லை என்றால் அணைத்து வையுங்கள். ஊரிலிருக்கும் தாத்தா பாட்டி பார்ப்பதற்கென்று படப் பெட்டியை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருப்பவர்கள், பிள்ளைகளிடம் சொல்லி ஒருமுறை சரிபார்த்துக் கொள்வது நல்லது. முக்கியமான படங்களுக்கு, எதனுடனும் இணைக்காத ஒரு டிஸ்க்கில் இன்னொரு நகல் இருக்கட்டும்.

வெளியாருக்கு எந்தக் கோப்பைக் கொடுத்தாலும், வேலை முடிந்ததும் அழித்துவிடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவரானாலும் சரி, ஜாதகம் கணிப்பவரானாலும் சரி.

அச்சகத்தில் இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை சர்வரைப் பார்க்கும் நாள். திருத்தங்கள் இறங்கியிருக்கின்றனவா, எத்தனை கணக்குகள் இருக்கின்றன, விடியற்காலை மூன்று மணிக்கு யாராவது வந்தார்களா என்று பார்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் அண்ணாச்சியே கையெழுத்துப் போடுகிறார். மிஷினுக்கு எண்ணெய் போடும் நாள் குறித்து வைத்திருக்கும் நோட்டு அது. அதே நோட்டில் ஒரு பக்கம் சர்வருக்கும் ஒதுக்கிவிட்டார்.

அடுத்த உறுப்பினர் கையேடு தயாராகிக் கொண்டிருக்கிறது. பிள்ளைகளின் பிறந்த தேதியும் ரத்த வகையும் இம்முறை இடம்பெற வேண்டுமா என்பதைப் பொதுக்குழுவில் கேட்கவிருக்கிறோம். அன்பர்கள் வந்திருந்து தங்கள் கருத்தைச் சொல்லும்படி கேட்டுக் கொள்கிறேன்.